மரத்தில் தொங்கிய தட்டி

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் பொன்னன் என்றொரு இளம் தூக்கணாங்குருவி இருந்தது. வாய்க்கால் வந்து ஏரியில் சேரும் இடத்தில் ஒரு விரால் மீன் தன் சிவப்புக் குஞ்சுகளோடு வாழ்ந்தது.

மழை பெய்தால் போதும், மேற்கே உள்ள சாயப்பட்டறைக்காரர்கள் கழிவை வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். மழையோடு மழையாகப் போய்விடும் என்று அவர்களுக்கு நினைப்பு. நுரை பொங்கி வரும். மீன்குஞ்சுகள் செத்து மிதக்கும்.

பொன்னனுக்கு மனசு கேட்கவில்லை. வெட்டிவேரும் கோரையும் கலந்து ஒரு தட்டி பின்னியது. உறவுக் குருவிகள் கூடித் தூக்கிவர, வாய்க்காலின் குறுகிய வாயில் அதைக் கட்டியது. அடுத்த மழையில் நுரையும் கசடும் தட்டியோடு நின்றுவிட்டன. விரால் குஞ்சுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

"நீ நல்லா இருக்கணும் தம்பி" என்றது விரால்.

இந்தச் செய்தி மைனாவின் காதுக்கு எட்டியது. அந்த மைனாவுக்கு நாலு பாஷை தெரியும். எந்தப் பாஷையிலும் வாயை மூடத்தான் தெரியாது.

"பொன்னா! பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரித்தலை வாத்துகள் வருது. எந்த நாட்டுச் சின்னஞ்சிறுசு தண்ணியைக் காப்பாத்த வழி கண்டுபிடிச்சாலும் வெள்ளை இறகு பரிசாம். உன் பேரைச் சொல்லி அனுப்பிட்டேன்."

பொன்னன் பூரித்துப் போனது.

"ஆனா தட்டியைப் பாரு, ஒரே சேறு" என்றது மைனா. "இதையா அவங்களுக்குக் காட்டுவே? கழுவிக் காயவச்சு மரத்துல தொங்கவிடு. பளிச்சுன்னு இருக்கட்டும்."

பொன்னன் கொஞ்சம் தயங்கியது. பிறகு தட்டியை அவிழ்த்துக் கழுவி, கிளையில் தொங்கவிட்டது. வருகிற போகிற பறவைகளெல்லாம் நின்று பார்த்தன. பொன்னனுக்குக் கால் தரையில் படவில்லை.

வாத்துகள் இன்று வரும், நாளை வரும் என்றது மைனா. வரவில்லை. ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது.

விரால் தலையை நீட்டியது. "தம்பி, மழை வாடை வருது. தட்டியைக் கட்டிடுறியா?"

பொன்னன் தட்டியைப் பார்த்தது. கட்டினால் மறுபடியும் சேறாகிவிடும்.

"காலையில வந்துடுவாங்க பெரியம்மா. ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்குங்க."

விரால் தண்ணீருக்குள் போனது. இரவெல்லாம் மழை கொட்டியது.

காலையில் வாத்துகள் வந்து இறங்கின. தட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. "என்ன அழகு! என்ன நேர்த்தி!" என்று வியந்தன. தலைமை வாத்து வெள்ளை இறகை எடுத்துக்கொண்டு, "இதனால் பிழைத்தவர்கள் யாராவது ஒரு வார்த்தை பேசட்டும்" என்றது.

மைனா விராலைக் கூப்பிட்டது. விரால் மேலே வந்தது. அதைச் சுற்றிக் குஞ்சுகள் இல்லை.

"எம்புள்ளைங்க உசிரோட இருந்தது இந்தத் தம்பியாலதான்" என்றது விரால். "நேத்து சாயங்காலம் வரைக்கும்."

மைனா அதை வாத்துகளின் பாஷையில் சொன்னது. கடைசி வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டது. வாத்துகள் சிறகடித்து ஆரவாரம் செய்தன.

யாரும் பொன்னனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. விராலின் முகத்தைப் பார்க்க முடியாமல் அது தலை குனிந்தது. குனிந்த இடத்தில் குஞ்சுகள் கரையோரமாக ஒதுங்கிக் கிடந்தன.

"பெரியம்மா சொன்னதை முழுசாச் சொல்லு" என்றது பொன்னன் மைனாவிடம்.

"சும்மா இரு, பரிசு போயிடும்" என்று மைனா அடிக்குரலில் சீறியது.

பொன்னன் பறந்து போய்த் தட்டியை அவிழ்த்தது. உறவுகளைக் கூப்பிட வாய் வரவில்லை. தானே இழுத்து இழுத்துக் கொண்டுபோய், உலகத்து விருந்தாளிகள் எல்லோர் கண்ணெதிரிலும், வாய்க்காலின் வாயில் கட்டியது. சாய நுரை அதன்மேல் மோதிக் கறுத்தது. அப்போதுதான் வாத்துகளுக்கு எல்லாம் புரிந்தது. தட்டி ஏன் இத்தனை சுத்தமாக இருக்கிறது என்று தாங்கள் யாரும் கேட்கவே இல்லையே என்று தலைமை வாத்தும் கூசிப் போனது.

"இனிமே அவிழ்க்க மாட்டேன் பெரியம்மா" என்றது பொன்னன்.

"சரி தம்பி" என்றது விரால். பொன்னன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறர் உயிரைக் காக்கச் செய்ததைப் பிறர் பார்வைக்காக எடுத்து வைப்பவருக்கு, கிடைக்கும் பாராட்டே தீராத வெட்கமாகிவிடும்.