செம்போத்துக்குப் பதில்

"பதில் வராதுன்னு தெரிஞ்ச பிறகும் அது ஏன் டீச்சர் கூப்பிடுது?" என்று தணிகாசலம் கேட்டார்.

நவமணி உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

உசிலை மரத்துக்குள்ளிருந்து செம்போத்து கூப்பிட்டது. ஊப், ஊப், ஊப். ஆழமான கிணற்றில் யாரோ குனிந்து மூச்சு விடுவது போல இருந்தது. நிறுத்தியது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது.

ஏரிக்கரைக்கும் புறவழிச் சாலைக்கும் நடுவே மிச்சமாகிப்போன சின்னக் காப்புக்காடு அது. ஒரு பக்கம் நுழைந்து ஒரு கதையைப் பேசி முடிப்பதற்குள் மறுபக்கம் வந்துவிடும். பறவை பார்க்க ஆசைப்பட்டவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நவமணி அங்கே கூட்டிக்கொண்டு போவாள். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். இருந்தாலும் எல்லோருக்கும் டீச்சர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற தணிகாசலம் அவளைவிட வெகுவாக மூத்தவர். அவருக்கும் டீச்சர்தான்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. படம் எடுக்கலாம், பாட்டுப் போடக் கூடாது. கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, புதருக்குள் இருப்பதை வெளியே வரவைப்பதற்குத்தான் அவர்கள் பாட்டுப் போடுவது என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எல்லா ஊர்க் காட்டுலயும் கல்யாண வீடு மாதிரி பாட்டு ஓடுது. நம்ம டீச்சர் காட்டுல மட்டும் எழவு வீட்டுச் சட்டம்" என்பான் அன்வர். குழாய் போல நீண்ட லென்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறவன்.

நவமணி சிரிப்பாள். சட்டம் மாறாது.

போன ஆடியில் பெட்டைச் செம்போத்தை நாய் பிடித்துவிட்டது. பார்வைக்குச் சேவலும் பெட்டையும் ஒன்றுதான். இரண்டுக்கும் அதே கறுத்த உடம்பு, செம்மண் நிறச் சிறகு, கனல் போன்ற கண். குரலில்தான் வித்தியாசம். சேவல் எடுத்துக்கொடுக்கும். பெட்டை அதைவிடத் தாழ்ந்த குரலில் வந்து சேர்ந்துகொள்ளும். இப்போது எடுத்துக்கொடுப்பது மட்டும் இருந்தது.

"வேற பெட்டை வராதா?" என்றார் தணிகாசலம்.

"எங்கேருந்து சார்? இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் பிளாட்டு. செம்போத்து நடக்கற ஜாதி. ரொம்ப தூரம் பறக்காது."

"அப்ப இது சாகற வரைக்கும் இப்படித்தானா?"

"ஆமா."

திரும்பி நடக்கும்போது மற்றவர்கள் முன்னால் போக விட்டு, அவர் அவளோடு பின்தங்கினார்.

"என் பொண்ணு பூங்கோதை போனை எடுக்க மாட்டேங்கறா."

"கோபமா?"

"அவ அம்மா போன சேதியை நான் மறுநாள்தான் சொன்னேன். அவளால முகம் பார்க்க முடியல."

"ஏன் மறுநாள்?"

"அவ கல்யாணத்துக்கப்புறம் நாங்க பேசிக்கறதில்ல. அந்த வீம்புதான்."

நவமணி கீழே கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"தினம் சாயந்திரம் அடிக்கறேன். கட் பண்ண மாட்டா. எடுக்கவும் மாட்டா. கடைசி வரைக்கும் அடிச்சு தானா ஓயும்."

"ம்."

"நிறுத்திடலாம்னு இருக்கேன். நிறுத்திட்டா அப்புறம் எனக்குப் பேசறதுக்கு ஆள் இல்ல. பேசாம இருக்கறதுக்கும் ஆள் இல்ல."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"நிறுத்தட்டுமா, வேணாமா? அதையாவது சொல்லுங்க."

நவமணி நின்றாள். அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"இவ்வளவு அழுக்கை வச்சிக்கிட்டா இத்தனை நாளா பறவை பாத்தீங்க?"

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு அந்தக் குரல் விடவில்லை. சோற்றைப் பிசையும்போது கேட்டது. மோட்டார் போட்டால் அந்த இரைச்சலுக்குள்ளேயும் கேட்டது. உலகத்தில் யாரோ ஒருவருக்காவது பதில் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. மனிதனுக்குக் கிடைக்காவிட்டால் போகிறது.

அன்வருக்கு ஃபோன் போட்டார்.

"வேற காட்டுல பிடிச்ச குரல் இருக்கு சார், அனுப்பறேன்."

"பெட்டைதானே?"

"சத்தியமா பெட்டை. நல்லா உள்ள இறங்கின குரல். ஆனா டீச்சர்கிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க. எனக்கு அடுத்த மாசம் பவர் மாறுது, கண்ணாடி அங்கதான் போடணும்."

வேலை நாள் ஒன்றில் தனியாகப் போனார். நுணாப் புதரின் அடியில் கைபேசியைச் செருகி வைத்துவிட்டுப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தார்.

உசிலையிலிருந்து செம்போத்து கூப்பிட்டது. நிறுத்தியது.

அவர் கைபேசித் திரையில் விரலை வைத்தார்.

பெட்டையின் குரல் எழுந்தது. தாழ்ந்து, நிதானமாக, எங்கோ அப்படிக் கொஞ்சம் போய்விட்டு வந்தது போல.

காடு முழுக்க ஓசை அடங்கியதாக அவருக்குப் பட்டது. செம்போத்து கூப்பிடவில்லை. வெகு நேரம் கூப்பிடவில்லை. பயந்துவிட்டதோ என்று நினைத்தார்.

பிறகு இலைச் சருகில் காலடி கேட்டது. நடந்துதான் வந்தது. அதன் அலகில் ஒரு ஓணான் தொங்கியது. பெட்டைக்குக் கொடுக்கச் சேவல் அப்படித்தான் இரை கொண்டுவரும் என்று நவமணி எப்போதோ சொல்லியிருந்தாள்.

புதரின் முன்னால் நின்றது. கைபேசியின் பக்கம் கழுத்தை நீட்டி ஓணானைக் கொடுத்தது.

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு எட்டு பின்னால் வைத்து, இறகைச் சிலிர்த்துவிட்டு, மறுபடி நீட்டியது.

தணிகாசலம் புதருக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தார். பறவை விலகி ஓடி, சற்றுத் தள்ளி நின்றது. அவர் எழுந்து போகும் வரைக்கும் அது ஓணானைத் தின்னவில்லை.

மறுநாள் அவர் பாட்டுப் போடவில்லை. தள்ளி நின்று பார்க்க மட்டும் போனார். உசிலை மரம் காலியாக இருந்தது. செம்போத்து நுணாப் புதரின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் காலடியில் நேற்றைய ஓணான் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு புதிய அரணை.

அடுத்த நாளும் அப்படியே.

அவர் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். நவமணி ஒரு பிரேமில் குட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாட்டுப் போட்டுட்டேன் டீச்சர்."

அவள் நிமிரவில்லை. "எதுக்கு?"

"பாவமா இருந்தது."

"யாரைப் பாத்து?"

அவர் புதரையும் ஓணானையும் அரணையையும் சொன்னார். சொல்லும்போது கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இப்ப என்ன பண்ணட்டும்? மறுபடி போடவா?"

"போட்டா?"

"இரையோட வந்து நிக்கும்."

"போடாட்டி?"

"அப்பவும் நிக்குது."

"பின்ன?"

"முன்ன அது காலியா இருந்த இடத்தைப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டிருந்தது. அதையாவது விட்டு வச்சிருக்கலாம். நான் அந்தக் காலி இடத்துல ஆள் இருக்கறதா சொல்லிட்டேன்."

திருகாணி கீழே விழுந்தது. இருவரும் குனிந்து தேடினார்கள். கிடைத்தது.

"இனிமே நான் காட்டுக்கு வரல. பூங்கோதைக்கும் போன் அடிக்கப்போறதில்ல. எதையும் யாரையும் கூப்பிடற யோக்கியதை எனக்கு இல்ல."

"சரி. நாளைக்குக் காலையில மட்டும் வாங்க."

"எதுக்கு?"

"வாங்க சார்."

விடியும்போது அவர் வந்தார். அவள் கையை நீட்டினாள். கைபேசியைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வாங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டாள்.

நுணாப் புதருக்குப் போய், கைபேசி இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இங்க உக்காருங்க."

"இங்கயா?"

"இதே இடத்துல."

அவர் சிரமப்பட்டுக் கிளைகளை விலக்கி உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. முதுகில் முள் குத்தியது. அவள் தள்ளிப் போய் வேப்பமரத்தின் பின்னால் நின்றுகொண்டாள்.

செம்போத்து வந்தது. அவரைப் பார்த்ததும் நின்றது. ஓடிவிடும் என்று நினைத்தார். ஓடவில்லை. இந்த இடத்தை விட்டு அதனால் போக முடியவில்லை. சிவந்த கண்ணால் அவரைப் பார்த்தபடி தலையைத் தாழ்த்திக் கூப்பிட்டது.

இவ்வளவு பக்கத்தில் அவர் அந்தக் குரலைக் கேட்டதில்லை. காதில் விழுவதற்கு முன்பே நெஞ்செலும்பில் விழுந்தது.

நிறுத்தியது. காத்திருந்தது.

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெட்டையின் குரல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். நினைவு வந்தது. ஆனால் அது வேறு காட்டில் வேறு எதற்கோ கொடுத்த பதில். வாயை மூடிக்கொண்டார்.

மறுபடி கூப்பிட்டது.

காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. ஒவ்வொரு கூப்பாட்டையும் கடைசி ஊப் வரைக்கும் கேட்டார். நடுவில் இருந்த மௌனங்களையும் கேட்டார். அவைதான் பொறுக்க முடியாதவையாக இருந்தன. ஒவ்வொரு மௌனத்திலும் அவர் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. செம்போத்தின் தொண்டை ஓய்ந்தது. திரும்பி, சருகில் நடந்து, கண்ணுக்கு மறைந்தது.

நவமணி வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"பதில் சொல்லணும்னு இருந்ததா?"

"வேற நெனப்பே இல்ல டீச்சர்."

தினம் சாயந்திரம் அவர் பூங்கோதைக்கு அடிக்கும் கைபேசியை அவள் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு அப்படி இருந்தது அந்தச் செம்போத்துக்குத் தெரியுமா சார்?"