அன்றைக்கு ஆடாத கை

டீ மாஸ்டருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். கோவில்பட்டியில் கொம்பையாவைப் பார்த்து எல்லோரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். பிறகு ஒருநாள் கொதிக்கிற பால் அவருடைய முழங்கை வரை வழிந்தது. முதலாளி அவரைப் பாய்லர் பக்கமிருந்து நகர்த்தி, பன் பிஸ்கட் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார். கை சும்மா இருந்தால் ஆடாது. எதையாவது தூக்கினால்தான் ஆட்டம் தொடங்கும். மாத்திரை போட்டால் அன்றைக்கு அடங்கும், ஆனால் தலை சுற்றும். தினமும் விழுங்கிவிட்டு அடுப்பு முன்னால் நிற்க முடியாது.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் இதற்கு வழி சொன்னார்கள். மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, அதில் கொஞ்சம் மின்சாரம் செலுத்தினால் நடுக்கம் நிற்கும். நூலளவு தள்ளி இறங்கினால் நாக்கு குழறலாம், அல்லது கை பழையபடி ஆடலாம். நடுக்கத்தைச் சுமந்து போகும் நரம்பிழைகள் எல்லோருக்கும் ஒரே தடத்தில் ஓடுவதில்லை. ஆகவே ஸ்கேன் டாக்டர் ரெஜினா கொம்பையாவின் மூளையைப் படமெடுத்து, அவருடைய தடத்தைத் தேடிப் பிடித்து, கணினியில் ஒரு புள்ளி வைத்தார். கம்பியை இறக்க வேண்டியவர் டாக்டர் வேதநாயகம். நோயாளி விழித்தே இருப்பார். டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். கை ஆடினால்தானே அது நிற்பது தெரியும்? அன்றைக்கு மாத்திரை கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நாள் வந்தது. தலையை மழித்து, அசையாமல் இருக்கச் சட்டமும் மாட்டியாயிற்று. மண்டையைத் துளைக்கும் முன் டம்ளர்களைக் கையில் கொடுத்தார்கள். சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

வேதநாயகத்துக்குச் சந்தேகம் தட்டியது. பயத்தில் நடுக்கம் அதிகமாகத்தானே செய்யும்? வெளியே வந்து கொம்பையாவின் மனைவி பேச்சித்தாயிடம் கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

"நாந்தான் சார் மாத்திரை குடுத்தேன். கை ஆடுனா தலையும் ஆடுமே, கத்தி தப்பிப் போயிருமேன்னு பயந்துட்டேன். அவுகளத் திட்டாதீங்க."

மாத்திரை போட்டிருந்தும் கொம்பையாவின் நாடியும் ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தன. கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு அந்தப் பக்கம் விடை தேடிப் போகாதீர்கள்.

"படத்துல தடம் தெளிவா இருக்கு சார்," என்றார் ரெஜினா. "தூங்க வச்சு, படத்தை மட்டும் நம்பிச் செய்யுற இடங்களும் இருக்கு. நாம இறக்கிடலாம்."

கொம்பையாவும் கெஞ்சினார். "மொட்டை அடிச்சாச்சு, இனிமே என்ன சார் யோசனை? எறக்கிருங்க."

வேதநாயகம் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அந்த மாதம் முழுக்கக் கொம்பையா பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, இனி நடக்குமோ நடக்காதோ என்று வெந்துபோனார்.

மறுமுறை மாத்திரை இல்லை. தண்ணீர் நெஞ்செல்லாம் சிந்தியது. ரெஜினா வைத்த அதே புள்ளியில், இம்மியும் மாறாமல், கம்பி இறங்கியது. கம்பியில் மின்சாரம் செலுத்தியதும் கை ஆட்டம் நின்றது. நாக்கும் குழறவில்லை.

"அன்னிக்கே முடிச்சிருக்கலாம் சார்," என்று ரெஜினா சிரித்தார். அதிலும் நியாயம் இருக்கிறதே!

இப்போது சொல்லுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன பேச்சித்தாய், தன் படத்தை நம்பி இறக்கலாம் என்ற ரெஜினா, எல்லோரும் அவசரப்படுத்தியும் நிறுத்திய வேதநாயகம். முதல் நாளில் இவர்களில் யார் செய்தது சரி?

விடை: என் தீர்ப்பு வேதநாயகத்துக்கு. பேச்சித்தாய் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டாள், அது பெரிய காரியம். ரெஜினாவின் புள்ளியும் சரிதான். ஆனால் அது சரி என்று அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. கம்பி தள்ளி இறங்கியிருந்தாலும் மாத்திரை தின்ற கை ஆடாமல்தான் நின்றிருக்கும். இதை ஒப்புக்கொள்ள மனமில்லை என்றால் கொம்பையாவையே கேளுங்கள். அன்று அவசரப்பட்ட அதே மனிதர், கை நின்றதும் "கரண்ட அணைங்க சார்" என்றார். அணைத்தார்கள், தண்ணீர் சிந்தியது. "போடுங்க" என்றார், நின்றது. நம்பாமல் மறுபடியும் அணைக்கச் சொன்னார், மறுபடியும் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது. "இது மாத்திரை இல்ல சார்," என்றார், "இது என் கை."