மாடியில் கொடுத்த பரிசு

கோயம்புத்தூரில் ஒரு சீடர் இருந்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. குருவுக்கு முப்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீடியோ கேம் உலகத்தில் முப்பத்தொன்று என்பதே பழுத்த வயதுதான்.

சீடர் பெயர் சென்னியப்பன். மோட்டார் பம்ப் கம்பெனியில் டிசைனராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று வருஷமாக ஒரே ஒரு கேமைச் செய்துகொண்டிருந்தார். புயல் அடித்து ஓய்ந்த ராத்திரியில் ஒரு லைன்மேன் தெருத்தெருவாக நடந்து ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் கேம். அதில் சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. உட்கார்ந்து நிதானமாக ஆடினால்தான் அதன் அருமை தெரியும்.

குரு தெய்வானை, வாரக் கடைசியில் கேம் டிசைன் வகுப்பு எடுப்பவர். சீடர் அவரை டீச்சர் என்பார், அவர் சீடரை அண்ணா என்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் டீச்சரிடம் கிடையாது.

ஆவணி பிறந்ததிலிருந்து சென்னியப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. கேம் தயாராகிவிட்டது. அதை என்றைக்கு வெளியிடுவது என்றுதான் தெரியவில்லை. தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் ஜனங்கள் அள்ளி அள்ளி வாங்குவார்கள் என்று பெரிய கம்பெனிகள் அத்தனையும் அந்தச் சில வாரங்களுக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஐந்தாம் பாகம், ஒன்பதாம் பாகம் என்று தினம் ஒரு அறிவிப்பு. இந்தக் கேம் மூழ்கினால் ஆபீஸை மூடிவிட்டு, நாலு பேரையும் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். தேதியைச் சொல்லும்படி கேம் விற்கும் தளம் கொடுத்த கெடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிறது.

"டிசம்பர்ல விடலாமுங்களா டீச்சர்?" என்று போனில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று தெய்வானை திருப்பிக் கேட்டார். ஆடி முடிந்து வரும் முதல் முகூர்த்தம், நாலு கல்யாணத்துக்குத் தலைகாட்ட வேண்டும் என்றார் சென்னியப்பன். அதில் ஒன்று பூங்கொடியின் கல்யாணம். அவரிடம் வேலை பார்க்கும் நாலு பேரில் ஒருத்தி அவள். கேமில் வரும் வீடு, மரம், விளக்கு எல்லாம் அவள் வரைந்தவை.

"நானும் வரேங்கண்ணா. கார்ல பேசிக்கலாம்."

அன்றைக்கு ஊரில் எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. காரின் பின்சீட்டில் பரிசுப் பொட்டலங்கள். மூன்று ஜோடிகளுக்குச் சுவர்க்கடிகாரம். பூங்கொடிக்கு மட்டும் வேறு. கேமுக்காக அவள் முதன்முதலில் வரைந்த தெருவிளக்கு அது. சரியில்லை என்று அவள் கசக்கிப் போட்ட காகிதத்தை எடுத்து, நீவி, பத்திரமாக வைத்திருந்து, இப்போது ஃப்ரேம் போட்டிருந்தார். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போகிற வழியில் இரண்டு தடவை சொன்னார். மற்ற நேரமெல்லாம் தேதியைப் பற்றித்தான் பேச்சு.

"வேற மாசத்துல விட்டா யாருங்க வருவாங்க? ஆடியில கல்யாணம் வெச்ச மாதிரி ஆயிருமுங்க டீச்சர்."

தெய்வானை ஜன்னல் வழியாக வாழைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் மண்டபத்தில் சென்னியப்பன் வரிசையில் நின்று, மேடையேறி, கடிகாரத்தைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்கினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவது பூங்கொடியுடையது. வண்டி நிறுத்த இடமில்லாததால் டீச்சரை வாசலில் இறக்கிவிட்டு, எங்கோ ஒரு சந்தில் காரைச் செருகிவிட்டு ஓடிவந்தார். உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறி, நகர்ந்து, வரிசையில் நின்றபோது போன் அதிர்ந்தது. அவர் மனதில் வைத்திருந்த அதே வாரத்துக்கு இன்னொரு பெரிய கேம் தேதி சொல்லியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே மேடையேறினார். பொட்டலத்தை நீட்டி, "நல்லா இருக்கோணும்" என்றார். காமிரா மின்னியது. இறங்கி வந்துவிட்டார்.

பின்னாலேயே காரருகே வந்த தெய்வானையிடம், பரிசைக் கொடுத்தாயிற்று என்று பெருமூச்சு விட்டார். தெய்வானை அவரை உற்றுப் பார்த்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

"ஏறுங்க டீச்சர். நாலாவதுல எல்லாம் முடிஞ்சு கிளம்பிருவாங்க."

மத்தியானம் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தார்கள். கம்ப்யூட்டரில் தேதி போடும் கட்டம் காலியாக இருந்தது.

"சொல்லுங்க டீச்சர். டிசம்பரா, இல்லீங்களா?"

"சாப்ட்டீங்களா அண்ணா?"

"எங்கீங்க நேரம்?"

"நாலு எடத்துலயும் பந்தி நடந்துச்சு."

அவருக்கு எரிச்சலாக வந்தது. கேமைப் பற்றிக் கேட்டால் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

"பூங்கொடி என்ன கலர்ல சேலை கட்டியிருந்தா?" என்று கேட்டார் தெய்வானை.

"பச்சைங்க. பச்சைப் பட்டு."

"அரக்குங்கண்ணா. அந்த மண்டபத்துல மேல ஒரு ஹால், கீழ ஒரு ஹால். பூங்கொடி கல்யாணம் கீழ. நீங்க மாடியில இருந்து இறங்கி வந்தீங்க."

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது யாரென்று அவருக்கும் தெரியவில்லை, இவர் யாரென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. இந்நேரம் அவள் பொட்டலத்தைப் பிரித்து, கசங்கிய காகிதத்தில் இருக்கும் விளக்கை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பீரோவின் மேல் போட்டிருப்பாள். நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டியது.

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்."

"சொல்லத்தான் வந்தேன். நாலாவதுக்கு நேரமாச்சுன்னீங்க." பிறகு, "சார் வரலீங்களா, சார் வரலீங்களான்னு பூங்கொடி கேட்டுட்டே இருந்தா" என்றார்.

சென்னியப்பன் கார்ச் சாவியை எடுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்போதே கிளம்பிவிட்டார்கள், மண்டபத்தில் இப்போது யாரும் இல்லை என்றார் தெய்வானை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்குப் போறேனுங்க. அந்த மாடிக் கல்யாணக்காரங்களைத் தேடிப் புடிச்சு விளக்கை வாங்கிட்டு, நேரா பூங்கொடிகிட்டப் போறேன். உக்காந்து, ஒரு வாய் சாப்ட்டு, அவகிட்ட நிதானமாப் பேசிட்டுத்தான் வருவேன். நாள் பூரா ஆனாலும் சரிங்க."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். எதிரே அந்தக் கட்டம் அப்படியே காலியாக இருந்தது.

"என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலீங்களே டீச்சர்."

தெய்வானை அந்தக் காலிக் கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு முகூர்த்தமே இல்லீங்களேண்ணா" என்றார். "அப்புறம் எதுக்குங்க போறீங்க?"