தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள்

"கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா மேடம்? ஒரே வார்த்தையில சொல்லிருங்க."

திருவாழி நின்றுகொண்டே கேட்டார். இரண்டு முறை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மேசையில் அவருடைய ஆய்வேடு இருந்தது. இன்னும் பைண்டு போடாத தாள்கள், முந்நூற்று எண்பத்தாறு பக்கம். 'பழந்தமிழ் அகப்பாடல்களில் காத்திருத்தல்.' பதினோரு வருடம் ஆகியிருந்தது. நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்க்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்துதான்.

அவருக்கு வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த நெறியாளர் ரோசிலினுக்கு நாற்பது. ஒரு காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் திருவாழியிடம் தமிழ் படித்த பெண். இன்று திருவாழி அவரிடம் ஆய்வு மாணவர்.

"புத்தக அட்டை அச்சாயிட்டு மேடம். 'முனைவர் திருவாழி'ன்னே போட்டுட்டான் பதிப்பகத்துக்காரன். நான் ஓய்வு பெறுற அன்னைக்கே வெளியீடு. அழைப்பிதழ் ஊரெல்லாம் போயிட்டு. இனி நான் எந்த மூஞ்சியோட பள்ளிக்கூடத்துக்குள்ள போவேன்?"

ரோசிலின் முதல் தாளை எடுத்தார். சான்றிதழ்ப் பக்கம். எல்லா ஆய்வேட்டிலும் அதே வாசகம்தான் இருக்கும். நெறியாளர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடும் பக்கம் அது.

அவர் படித்தார். "'இவ்வாய்வேடு ஆய்வாளரின் சொந்தச் சிந்தனையில் உருவானது என்று சான்றளிக்கிறேன்.'"

"அதுக்கென்ன?"

ரோசிலின் ஒரு பென்சிலை நீட்டினார்.

"இதுல உங்க வரி ஒண்ணு காட்டுங்க சார். ஒண்ணே ஒண்ணு போதும். அதுக்கு அடியில கோடு போடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

திருவாழியின் காது மடல் சிவந்தது.

"அப்போ நான் திருடிட்டேன்னு சொல்லுதீங்க."

"திருடுறவங்க அடிக்குறிப்பு போடமாட்டாங்க சார். நீங்க தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு போட்டிருக்கீங்க."

"இதைச் சொல்ல இன்னைக்குத்தான் நாள் பார்த்தீங்களா?"

"ரெண்டாவது இயல் கொடுத்தப்பவே சொன்னேன். முடிவுரையில வந்துரும்னீங்க."

"முடிவுரை கொடுத்தேனே."

"முதல் அஞ்சு இயலையும் சுருக்கிக் கொடுத்தீங்க."

திருவாழி பென்சிலைப் பிடுங்கினார். தாள்களை அள்ளிக்கொண்டு ஜன்னல் ஓரத்து நாற்காலியில் போய் விழுந்தார்.

"ஒன்பதாம் கிளாஸ்ல உன்னை நான் ஒரே வருசத்துல பாஸ் போட்டு அனுப்பினேன். எனக்குப் பதினோரு வருசம்."

"தமிழ்ல மட்டும் சார். கணக்குல ஃபெயில்."

அவர் சிரிக்கவில்லை.

பக்கம் புரண்டது. என்பார் அவர். என்கிறார் இவர். என்பது அறிஞர் துணிபு. என்று கூறுவதும் இங்கு நோக்கத்தக்கது.

பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் உள்ளே அனுப்புகிறவனைப் போல, திருவாழி வாசலிலேயே நின்றிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு தாளோடு எழுந்து வந்தார். கோடு அழுத்தமாக விழுந்திருந்தது.

"இந்தா. 'எனவே காத்திருத்தல் என்பது முல்லைக்கு உரிய ஒழுக்கம் எனலாம்.' அடிக்குறிப்பு கிடையாது. 'எனலாம்'னு நானே சொல்லியிருக்கேன்."

"ஒன்பதாம் கிளாஸ் புத்தகத்துல இருக்கே சார்."

"அதுக்கு?"

"நீங்கதான் நடத்துனீங்க."

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த முறை உடனே வந்தார்.

"நன்றியுரை. இது யார் சொன்னது? நான் சொன்னது. என் நன்றி, என்னோடதுதானே?"

ரோசிலின் வாங்கிப் பார்த்தார். பெற்று வளர்த்துச் சான்றோன் ஆக்கிய அன்னைக்கு, துணைவேந்தருக்கு, நெறியாளருக்கு, நூலகருக்கு, அழகுறத் தட்டச்சு செய்தவருக்கு.

"போன வருசம் முடிச்ச ஞானசிகாமணியோட நன்றியுரை இது. பேரை மாத்தியிருக்கீங்க. 'அழகுற'வைக்கூட மாத்தல."

ஞானசிகாமணிதான் கொடுத்திருந்தார். அவருக்கு அதை யார் கொடுத்தார்களோ.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கரை. ஆறு மணிக்குள் தாள்கள் போகாவிட்டால் பைண்டர் கடையைப் பூட்டிவிடுவார்.

அவர் தாள்களை மேசையில் போட்டார். போட்ட வேகத்தில் சில நழுவிக் கீழே விழுந்தன. இரண்டு பேருமே எடுக்கவில்லை.

"ரோசிலி," என்றார். மேடம் போய்விட்டது. "நல்லாக் கேட்டுக்கோ. என் வரி இருந்துச்சு. இருநூத்திப் பதினோராம் பக்கத்துல ரெண்டு வரி இருந்துச்சு. உங்க ஆய்வுக் கமிட்டிக்காரன் சிவப்பு மையில வட்டம் போட்டு 'ஆதாரம்?'னு எழுதினான். தேடினேன். நாலு நூலகம் ஏறி இறங்கினேன். எவனும் அதைச் சொல்லல. எவனும் சொல்லலைன்னா தப்பாத்தானே இருக்கும்னு எடுத்துட்டேன். எடுக்க வச்சது நீங்க. இப்போ உன் வரி எங்கேன்னு கேக்கதும் நீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"என்ன வரி சார்?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தாள் தேவைப்படவில்லை.

"'காத்திருந்தவள் மெலிந்தாள், கைவளை கழன்றது என்று எல்லாரும் பாடினார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.'"

வராந்தாவில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

ரோசிலின் கேட்டார்.

"ஆதாரம்?"

திருவாழி மேசையை ஓங்கித் தட்டினார்.

"நீயுமா? நீயும் அதையேதான் கேக்கியா? எந்தப் புத்தகத்துல போய்த் தேட? எங்கப்பா கப்பல் வேலைக்குப் போனாரு. ரெண்டு வருசம் கடுதாசி கிடையாது. எங்கம்மா சுவரோரம் படுத்துக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு கிடந்தா. சாப்பிடமாட்டா. எழுந்திரிக்கமாட்டா. ஊரு என்ன சொல்லிச்சு தெரியுமா? உத்தமி. புருசனுக்காக உருகுதா பாரு, அவளில்ல பொம்பளைன்னு சொல்லிச்சு. வந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. வந்த ஒருத்தராவது அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்கல."

மூச்சு வாங்கினார்.

"அங்க எங்கக்கா நின்னா. பதினோரு வயசு. அடுப்பு எட்டாதுன்னு பலகை போட்டு ஏறி நின்னா. அஞ்சாம் கிளாஸோட அவ படிப்பு நின்னுது. அவ வச்ச கஞ்சியைக் குடிச்சிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். போய் என்ன படிச்சேன்? காத்திருக்கவ அழகைப் படிச்சேன். முப்பத்தஞ்சு வருசமா அதையே பிள்ளைங்களுக்கும் நடத்தினேன். உனக்கும்தான் நடத்தினேன். அவளைப் பத்தி ஒரு பாட்டு இல்ல. அவளைப் பத்தி ஒரு உரைகாரன் வாயைத் திறக்கல. நான் ரெண்டு வரி எழுதினா ஆதாரம் எங்கேன்னு கேக்காங்க."

நாற்காலியை இழுத்து, வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் எதிரே உட்கார்ந்தார்.

ரோசிலின் குனிந்து, கீழே கிடந்த தாள்களைப் பொறுக்கினார். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்த ரெண்டு வரியையும் திரும்ப இதுல எழுதுங்க சார். அக்கா இருக்காங்களா?"

"கொட்டாரம் ஊர்ல இருக்கா. முட்டு வலி. நடக்க முடியாது."

"பேர் என்ன?"

"செல்லத்தங்கம்."

ரோசிலின் சான்றிதழ்ப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அடிக்குறிப்புல போடுங்க."