மரணக் கிணற்றின் முதலாளி

திருவிழாவுக்குத் திருவிழா மரணக் கிணற்றுச் சுவரில் பைக் ஓட்டிப் பிழைக்கிறவள் ஜெசிந்தா. அவள் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வருமானத்தில் கழிக்க முடியாதென்று ஒரே பிடியாக நின்றார், விசாரிக்க வந்த வரி அதிகாரி திருவேங்கடம். கழிக்காவிட்டால் கையிலிருப்பது வரிக்கே போய், அடுத்த வருஷம் காப்பீடு இல்லாமல்தான் அவள் சுவரேற வேண்டும்.

"சொந்தத் தொழில் சார்."

"பொம்பளை தனியா இதை நடத்துறியாக்கும்! முதலாளியைக் காட்டு, அவருக்குத்தான் கழிப்பேன்."

"அவங்க மேலேதான் ஆளைப் பாப்பாங்க. பின்னாடி உக்காருங்க சார்."

கூட்டம் பார்க்கிறதே என்று வீறாப்பாக ஏறிக்கொண்டார். வண்டி உறுமிக்கொண்டு பலகைச் சுவரில் ஏறியது. தரை செங்குத்தாக எழுந்து நின்றது. விளிம்பில் எட்டிப் பார்த்த முகங்களெல்லாம் ஒரே வளையமாகச் சுழன்றன. ஜெசிந்தா இரண்டு கையையும் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதலாளி எங்கேம்மா?" என்று அலறினார் திருவேங்கடம்.

"நீங்க கட்டிப் பிடிச்சிருக்கிறது யாரை சார்?"

"ஐயோ! இன்சூரன்ஸ் கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன். அதைத்தான் கழிக்க முடியாதுன்னீங்க!"

இறங்கிய பிறகும் திருவேங்கடம் அந்தச் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இதிலயா ஏறுறே?"

"ஒரு நாளைக்கு மூணு ஆட்டம் சார்."

திருவேங்கடம் கைகூப்பிவிட்டார்.

"முழுசாக் கழிச்சுக்கோ தாயி."