சேற்றுக்கு அடி சொன்ன கொக்கு

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், எருமையை ஒரு குரல் கூப்பிட்டால் போதும், உடனே திரும்பிப் பார்க்கும். இன்றைக்கு நீங்கள் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள், அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. உடனே மந்தம் என்று ஒரு பட்டத்தைக் கட்டிவிடுகிறீர்கள். பிள்ளைகளைத் திட்டுவதற்கும் அதையே இழுக்கிறீர்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் இப்படி ஆனது என்று ஒரு ஆளாவது விசாரித்ததுண்டா? நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் அக்கா தங்கை இரண்டு எருமைகள். மூத்தவளுக்குக் கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து கழுத்தைத் தொடும், அதனால் வளைகொம்பி. இளையவளுக்கு நெற்றியில் விரல் அகலத்துக்கு வெள்ளை, அவள் சுட்டி. வளைகொம்பிக்கு எதற்கெடுத்தாலும் கோபம், சுட்டிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

கோடையில் ஏரி வற்றினால் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். தண்ணீர் போன இடமெல்லாம் சேறு. குளிக்கிறதற்கு இல்லை, குடிக்கிறதற்கு இல்லை, சும்மா புதைந்து கிடப்பதற்கு. முதலில் குளம்பு இறங்கும், அப்புறம் முழங்கால், அப்புறம் வயிறு. அடிச்சேற்றின் குளிர்ச்சி வயிற்றில் பட்டதும் உடம்பின் பாரத்தை யாரோ கையில் வாங்கிக்கொண்டது மாதிரி இருக்கும். யானையும் இறங்கும், பன்றியும் இறங்கும். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் எல்லாச் சேறும் ஒரே சேறு இல்லை. அடியில் கெட்டித் தரை உள்ள சேறு ஆளைத் தாங்கும். அடியே இல்லாத சேறு ஆளை விழுங்கிவிடும். அதற்கு உளை என்று பெயர். அதனால் ஏரியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சேறு பார்ப்பது கொக்கின் வேலை. நாலு இடத்தில் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "அடி இருக்கு" என்று அது சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் யாரும் இறங்குவார்கள். அப்போதும் கரையில் ஒருவர் நின்றாக வேண்டும். புதைகிறவர்கள் கிளறிவிடும் நத்தையும் புழுவும் கொக்குக்கு. அந்த வருஷம் சேறு பார்த்தவன் பாலப்பன் என்கிற கொக்கு.

சுட்டி அப்போது நிறைசினை. பத்தாம் மாதம். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது.

"அக்கா, வயிறு கொதிக்குது. கழுத்து வரைக்கும் ஒரே ஒரு தடவை புதைஞ்சிட்டு வந்துடறேனே."

"நேத்து கோரைப் பக்கத்துல இறங்கினியே, அது போதாதா?"

"அது முழங்கால் ஆழம். என் வயித்துக்கு அது எந்த மூலைக்கு?" என்று சொல்லிச் சிரித்தாள் சுட்டி.

தங்கை ஆசைப்பட்டுக் கேட்கிறாள், அதுவும் வாயும் வயிறுமாக நின்று கேட்கிறாள். வளைகொம்பியால் மறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஆழமான சேறு தேடி நடு ஏரிக்குப் போனார்கள். அங்கே ஓர் இடம், கோரை இல்லை, புல் பூண்டு இல்லை, பளபளவென்று கிடந்தது. வளைகொம்பி மூக்கைத் தூக்கி மோந்தாள். அடியிலிருந்து அழுகல் வாடை வந்தது. முன்காலை வைத்து அழுத்தினாள். தள்ளி இருந்த சேறும் சேர்ந்து ஆடியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பாலப்பனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

பாலப்பனுக்கு அன்றைக்குக் கலியாணம். இறகையெல்லாம் கோதிவிட்டு, தும்பைப்பூ நிறத்தில் மாப்பிள்ளையாக வந்து நின்றான். சேற்றுக்குள் இறங்கினால் வெள்ளை போய்விடுமே. அதனால் ஓரத்திலேயே ஒற்றைக் காலை வைத்தான். வெயில் பட்டு மேல்சேறு ஆடை கட்டியிருந்தது. அவன் கனம் என்ன கனம்? ஆடை தாங்கிவிட்டது.

"அடி இருக்கு. இறங்கலாம்."

"நாலு இடம் பாரு தம்பி" என்றாள் வளைகொம்பி.

"வருஷா வருஷம் பாக்கிறவன் நான். எனக்கே நீ சொல்லித் தர்றியா? பொண்ணு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"அடியில வாடை வருதே."

"உனக்கு எதுலதான் வாடை வராது? சரியான சந்தேகப் பிராணி."

இதைக் கேட்டுச் சுட்டி வேறு சிரித்துவிட்டாள். வளைகொம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி, ஊரே நம்புகிற வாய், நாம் ஏன் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. மூக்கு ஒன்று சொன்னது, கால் அதையே சொன்னது, அவள் காதை நம்பினாள்.

சுட்டி இறங்கினாள். குளம்பு, முழங்கால், வயிறு. "ஆகா, அக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, இன்னும் இறங்குது."

"கால்ல தரை தட்டலையா?"

"ஒண்ணுமே தட்டலை அக்கா."

பயத்தில் அவள் நாலு காலையும் உதைக்க ஆரம்பித்தாள். உதைத்தால் உளைக்குக் கொண்டாட்டம். ஒரு உதைக்கு ஒரு சாண் உள்ளே போனாள். பாலப்பன் அப்போதே பறந்துவிட்டான். முகூர்த்தம் தவறிவிடுமாம்.

"உதைக்காதேடி. சாஞ்சு படு. உடம்பைப் பரப்பிப் படுத்தாத்தான் மேல நிக்கலாம்" என்று கத்தினாள் வளைகொம்பி.

"வயிறு இடிக்குது அக்கா."

"இடிச்சாலும் படு. சொன்னதைச் செய்."

கரையில் நிற்கிறவள் நின்றுகொண்டே பார்க்க முடியுமா? பின்காலைக் கெட்டித் தரையில் கொடுத்து, வளைகொம்பி தானும் பக்கவாட்டில் படுத்து, உளையின் மேல் உடம்பை நீட்டினாள். சுட்டி தன் தாடையை அக்காவின் கொம்பு வளைவில் மாட்டிக்கொண்டாள். உச்சிப்பொழுதில் இழுக்க ஆரம்பித்தவள், வெயில் சாய்கிற வரைக்கும் இழுத்தாள். கொக்கைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், தங்கையைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். வாயை மூடினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சுட்டி கரை ஏறிவிட்டாள். ஆனால் கரையிலேயே கன்று விழுந்துவிட்டது. நெற்றியில் அதே விரல் அகல வெள்ளை. அது மூச்சு விடவில்லை. சுட்டி அதை நக்கினாள், திருப்பித் திருப்பி நக்கினாள், எழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நக்கினாள். அதற்கப்புறம் அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் கூடினார்கள். பாலப்பன் விருந்து சாப்பிட்ட களையோடு வந்து நின்றான்.

"எனக்குத் தட்டுப்பட்டதைச் சொன்னேன். நான் நின்னப்போ தாங்குச்சே" என்றான்.

"உன் கனம் என்ன, அவ கனம் என்ன? இறங்கறது நீயா, அவளா?" என்று கேட்டாள் வளைகொம்பி.

யானை தும்பிக்கையை ஆட்டியது. "விடும்மா. தெரியாம நடந்துபோச்சு."

பன்றியும் சேர்ந்துகொண்டது. "புது மாப்பிள்ளை, பாவம். சுட்டி பிழைச்சுக்கிட்டாளே, அதை நினைச்சு மனசைத் தேத்திக்க."

போன உயிர் யாருடையது, பாவம் பார்ப்பது யாரைப் பார்த்து, பார்த்தீர்களா? எனக்கே இப்போது வயிறு எரிகிறது; அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நேரம் பார்த்துப் பாலப்பன் வாயைத் திறந்தான்.

"வேணும்னா இனிமே நாலு இடத்துல பாக்கறேன். போதுமா?"

அந்தப் போதுமாவில்தான் எல்லாம் முடிந்தது. வளைகொம்பி கொம்பால் உளைச் சேற்றை வாரி அவன் மேல் அடித்தாள். செங்காவி நிறச் சேறு அவன் தலையிலும் மார்பிலும் முதுகிலும் அப்பிக்கொண்டது. பறக்கப் பார்த்தவனின் இறக்கை மேல் குளம்பை வைத்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அவன் ஒரு கைப்பிடி இறகுதான்.

"உன்னைக் கொன்னா என் தங்கச்சி பிள்ளை எழுந்திருக்காது" என்றாள். "இனிமே ஓரத்துல நின்னு அடி சொல்ற வேலை உனக்குக் கிடையாது. நான் எங்க இறங்கறேனோ, அங்க என் முதுகு மேல நீயும் வா. நத்தையும் கிடையாது, புழுவும் கிடையாது. பசிச்சா என் உடம்புல இருக்கிற உண்ணியைத் தின்னு."

பன்றிக்கு ஒரு சந்தேகம். "அவனுக்கு இறக்கை இருக்கே. ஆபத்துன்னா உன்னை விட்டுட்டுப் பறந்துடுவானே."

"பறக்கட்டும். அப்போதான் எனக்குச் சேதி தெரியும். அவன் வாயை நான் நம்பமாட்டேன், அவன் பயத்தை நம்புவேன்."

குளம்பை எடுத்தாள். யானை பின்னாலிருந்து கூப்பிட்டது: "வளைகொம்பி, இவ்வளவு கோபம் ஆகாது, நில்லு, நான் சொல்றதைக் கேளு." மூன்று தடவை கூப்பிட்டது. வளைகொம்பி திரும்பவில்லை. சுட்டியும் திரும்பவில்லை. இரண்டு பேரும் கோரை முளைத்த பக்கமாக நடந்தார்கள், முதுகில் கொக்கோடு.

அன்று முதல்தான் எருமை மூக்கைத் தூக்கி மோந்து, முன்காலை ஊன்றிப் பார்த்து, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் படுக்கிறது. உண்ணிக்கொக்கு அதன் முதுகைவிட்டு இறங்காமல் திரிகிறது. கலியாணக் காலம் வந்தால் அந்தச் செங்காவிக் கறை கொக்கின் தலையிலும் மார்பிலும் முதுகிலும் தானாக எழுந்து வருகிறது. நீங்கள் எத்தனை தரம் கூப்பிட்டாலும் எருமை திரும்புவதில்லை. காது கேட்காமல் இல்லை, ஒரு தடவை கேட்டது போதும் என்றுதான்.