மரங்கொத்தி டீச்சரின் வரவேற்புப் பாட்டு

நாவல் குளத்தின் கரையில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. முயல், அணில், மான், கீரி என்று காட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதனிடம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டன.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பிள்ளைகள் சேரும் நாளில், செங்கொண்டை ஒரு புதுப் பாட்டு எழுதும். மருத மரத்தின் வழவழப்பான பட்டையில் அலகால் கொத்திக் கொத்தி எழுதும். பழைய பிள்ளைகள் அதைப் பாடிப் புதுப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும்.

போன வருஷத்துப் பாட்டு காட்டையே கிறங்கடித்துவிட்டது. குளத்துத் தவளைகள்கூட அதை மனப்பாடம் செய்தன. மயில் தோகை விரித்து ஆடிவிட்டுச் சொன்னது: "அடேயப்பா! இது மாதிரி ஒரு பாட்டை இனிமே யாரு எழுதப் போறா!"

அன்றைக்குச் செங்கொண்டைக்கு அது தேனாக இனித்தது. இந்த வருஷம் அதே பேச்சு தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருந்தது. செங்கொண்டை மருத மரத்தில் ஏறி உட்கார்ந்தது. 'வா' என்று ஓர் எழுத்தைக் கொத்தியது. 'ஊஹூம், போன வருஷம் இதைவிட அழகா ஆரம்பிச்சேனே!' என்று அதைச் செதுக்கி எடுத்துவிட்டது. மறுபடி 'வருக' என்று கொத்தியது. அதையும் எடுத்துவிட்டது. மூன்று நாள் இப்படியே போயிற்று. மரத்தடியில் பட்டைத் தூள் குவிந்ததுதான் மிச்சம். எறும்புகள் வந்து, "டீச்சர், இந்த ஓட்டையில நாங்க குடியிருந்துக்கலாமா?" என்று கேட்டன!

அந்த மூன்று நாளும் செங்கொண்டை சரியாகச் சாப்பிடவில்லை. 'எனக்கு இனிமே எழுத வராது போலிருக்கே' என்று நினைத்து நினைத்து மறுகியது.

நாலாம் நாள் காலையில் ஒரு கிளி வந்தது.

"எதுக்கு டீச்சர் இப்படி இளைச்சுப் போறீங்க? ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காட்டுல நல்ல பாட்டு ஒண்ணு கேட்டுட்டு வந்திருக்கேன். நான் சொல்லச் சொல்ல நீங்க கொத்துங்க. யாருக்குத் தெரியப் போகுது!"

செங்கொண்டை தயங்கியது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தாக வேண்டுமே! வேறு வழி தெரியாமல் அலகைத் தூக்கியது.

"மானே வா, முயலே வா..." என்று கிளி தொடங்கியது. செங்கொண்டை கொத்தியது. அந்த வரி முடிந்ததும் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, இந்த வருஷம் மானும் முயலுமா வருது?"

"இல்லையே! மேற்கு மலையில ஓடை வத்திப்போச்சாம். அங்கேயிருந்து யாரோ பிள்ளைங்க வருதாம். யாரு வந்தா என்ன டீச்சர்? பாட்டு நல்லா இருந்தா போதாதா?"

செங்கொண்டையின் அலகு அப்படியே நின்றது.

"ஐயோ! நாலு நாளா என் பாட்டைப் பத்தியே கவலைப்பட்டுட்டு இருந்தேனே! வர்ற பிள்ளைங்க யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே!"

கொத்திய வரியை அது ஒரே மூச்சில் செதுக்கி எடுத்தது. "உன் பாட்டு வேண்டாம், கிளி. எழுத வரலைன்னா, வரலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போறேன்!" என்று சொல்லிவிட்டு மேற்குத் திசையில் பறந்தது.

மலையடிவாரத்துப் பாறை நிழலில் மூன்று குடும்பங்கள் தங்கியிருந்தன. ஒரு முள்ளம்பன்றி அம்மா, ஓர் ஆமை அப்பா, கிளையில் தொங்கியபடி ஒரு வௌவால் அம்மா. ஒவ்வொருவரோடும் ஒரு பிள்ளை.

"நான்தான் நாவல் குளத்து டீச்சர். உங்க பிள்ளைங்களைப் பாக்க வந்தேன்" என்றது செங்கொண்டை.

முள்ளம்பன்றி அம்மா பெருமூச்சு விட்டது. "நாளைக்கு வந்து பாக்கறோம் டீச்சர். ஆனா நாங்க நம்பிக்கையோட வரல. வழியில ரெண்டு காட்டுப் பள்ளிக்கூடத்துல இடம் கேட்டோம். என் பொண்ணு குத்துவாளாம். ஆமைப் பையன் நேரத்துக்கு வரமாட்டானாம். வௌவால் பையன் பகல்ல தூங்குவானாம். நீங்களும் வேண்டாம்னா, அப்படியே வந்த வழியில திரும்பிடுவோம்."

செங்கொண்டை தரையில் இறங்கிப் பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்துகொண்டது.

"உன் பேரு என்னம்மா?"

"பூவாயி" என்றது முள்ளம்பன்றிக் குட்டி. "டீச்சர், நான் கடைசியிலேயே உக்காந்துக்கறேன். யார் மேலயும் என் முள்ளு படாது."

"நான் மாரப்பன்" என்றது ஆமைக் குட்டி. "நான் வந்து சேர்றதுக்குள்ள மணி அடிச்சுடுவீங்களா?"

வௌவால் குட்டி அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தது. "என் பேரு சிட்டான். தலைகீழா தொங்கிக்கிட்டே பாடம் கேட்டா அடிப்பீங்களா டீச்சர்?"

செங்கொண்டையின் கண் கலங்கிவிட்டது. பூவாயிக்கு என்ன பிடிக்கும், மாரப்பன் எதற்குப் பயப்படுவான், சிட்டான் எப்போது விழித்திருப்பான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. வெயில் சாயும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியது. வழியெல்லாம் அந்தக் குரல்களே அதன் காதில் இருந்தன. மருத மரத்தில் வந்து உட்கார்ந்தபோது போன வருஷத்துப் பாட்டு அதன் நினைவிலேயே இல்லை.

டொக் டொக் டொக்! இருட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் காடே கூடியது. மயில் முதலில் வந்து பட்டையைப் படித்துப் பார்த்தது. "என்ன டீச்சர், ரொம்பச் சாதாரணமா இருக்கே! போன வருஷம் நிலா, வானவில்லெல்லாம் வந்ததே!" என்றது.

"இந்த வருஷம் வர்றது நிலா இல்லையே, பிள்ளைங்கதானே!" என்றது செங்கொண்டை.

மலைக் குடும்பங்கள் தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் நின்றன. பக்கத்தில் வரத் தைரியம் வரவில்லை. செங்கொண்டை தலையை அசைத்தது. பழைய பிள்ளைகள் பாடத் தொடங்கின.

"பூவாயி வா, உன் முள்ளோடு வா!
முன்னாலே இடமிருக்கு, உட்கார வா!
மாரப்பா வா, மெல்ல மெல்ல வா!
மணியும் காத்திருக்கும், மூச்சு வாங்கி வா!
சிட்டானே வா, தலைகீழாய் வா!
தாழ்ந்த கிளை ஒன்றுண்டு, தொங்கிக் கேட்க வா!"

தங்கள் பேரைக் கேட்டதும் புதருக்குப் பின்னால் சலசலப்பு எழுந்தது. "அம்மா, என் பேரும்மா! என் முள்ளையும் சேர்த்துக் கூப்பிடறாங்கம்மா!" என்று கத்திக்கொண்டே பூவாயி ஓடி வந்தது. முன்வரிசையில் இருந்த முயல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது. சிட்டான் விர்ரென்று பறந்து வந்து தாழ்ந்த கிளையில் தொங்கியது.

மாரப்பன்தான் பாக்கி. அது ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி வைத்தது. அணில்கள் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடின. யாரும் முணுமுணுக்கவில்லை. மயிலும் கழுத்தை நீட்டி அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மணிக்குப் பதிலாகக் கட்டியிருந்த சுரைக் குடுக்கைக்குப் பக்கத்தில் செங்கொண்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் மாரப்பன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. "ரொம்ப நேரமாயிடுச்சா டீச்சர்?" என்று பயந்துகொண்டே கேட்டது.

"இல்லடா கண்ணு! இப்பதான் ஆரம்பிக்கறோம்!" என்று சொல்லிவிட்டு, செங்கொண்டை குடுக்கையைத் தட்டியது.

பாராட்டை எண்ணி எழுத உட்கார்ந்தால் வார்த்தை வராது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்களை அன்போடு எண்ணினால் அது தானாக வரும்.